ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் தொழில் வழித்தடமும் சாலைத்தள மதிப்பீட்டின் வரலாறும்

சாலைத்தள நிலை மதிப்பீடு என்பது, ஒரு சாலையின் மேற்பரப்பும் அதன் அடியில் உள்ள அடுக்குகளும் எந்த நிலையில் இருக்கின்றன என்று அளந்து, எந்தப் பகுதியை எப்போது, எந்த முறையில் பழுதுபார்ப்பது என முடிவு செய்யும் பணியாகும். காஞ்சிபுரம் மாவட்டத்தின் ஸ்ரீபெரும்புதூரையும் ஒரகடத்தையும் இணைக்கும் தொழில் வழித்தடம் இப்பணியின் தேவையை விளக்க நல்ல எடுத்துக்காட்டு. நெல்வயல்களுக்கும் ஏரிகளுக்கும் இடையே மாட்டுவண்டிக்கும் பேருந்துக்கும் போதுமானதாக இருந்த சாலைகள், இருபது ஆண்டுகளுக்குள் கண்டெய்னர் லாரிகளையும் கார் ஏற்றிச் செல்லும் நீண்ட டிரெய்லர்களையும் சுமக்க வேண்டியதாயிற்று.

முதலில் ஒரு சொல் விளக்கம் தேவை. பேச்சு வழக்கில் 'பேவ்மென்ட்' என்றால் பாதசாரிகள் நடக்கும் நடைமேடை. பொறியாளர்கள் அச்சொல்லால் குறிப்பது வண்டிகள் ஓடும் தளத்தையே. அதில் அடிமண், அதன்மேல் சரளை அல்லது உடைகல் அடுக்குகள், எல்லாவற்றுக்கும் மேலே தார்க் கலவை என்று பல படிவங்கள் உண்டு. இக்கட்டுரையில் 'சாலைத்தளம்' என்பது இந்த முழு அடுக்கையும் குறிக்கும். நாம் 'தார்' என்று சொல்வதும் இன்று உண்மையில் தார் அன்று. கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது கிடைக்கும் பிட்டுமன்தான். நிலக்கரியிலிருந்து எடுத்த தாரைப் பயன்படுத்திய காலத்துப் பெயர் மக்கள் நாவில் தங்கிவிட்டது.

ஏரிகளுக்கு நடுவே சாலை

சென்னையிலிருந்து பூந்தமல்லி, ஸ்ரீபெரும்புதூர் வழியாக மேற்கே பெங்களூரு நோக்கிச் செல்லும் சாலை பழைய ஆவணங்களில் மேற்குப் பெருஞ்சாலை எனக் குறிக்கப்படுகிறது. இப்பகுதி நிலப் பத்திரங்களில் எல்லை சொல்லும்போது 'ஜி.டபிள்யூ.டி. ரோடு' என்று எழுதும் வழக்கம் அதன் எச்சம். பின்னர் அது தேசிய நெடுஞ்சாலை 4 ஆகி, 2010-இல் எண்கள் மாற்றப்பட்டபோது 48 ஆயிற்று. இராமாநுசர் பிறந்த ஊர் என்பதால் ஸ்ரீபெரும்புதூருக்கு யாத்திரிகர் வருகை எப்போதும் உண்டு. ஒரகடமோ இரண்டு மாநில நெடுஞ்சாலைகள் சந்திக்கும் நாற்சந்தி. சிங்கப்பெருமாள்கோயிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் செல்வது மாநில நெடுஞ்சாலை 57. வண்டலூரிலிருந்து படப்பை வழியாக வாலாஜாபாத் செல்வது மாநில நெடுஞ்சாலை 48.

பழைய செங்கல்பட்டு மாவட்டத்தை 'ஏரி மாவட்டம்' என்பார்கள். செம்பரம்பாக்கம் ஏரி நெடுஞ்சாலையை ஒட்டியே இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரு பெரிய ஏரி உண்டு. வழிநெடுக மதகுகளும் கலங்கல்களும் வாய்க்கால்களும் காணப்படும். சாலை வரலாற்றில் இது சிறிய செய்தி அன்று. நவீன சாலையமைப்பின் முன்னோடியான ஸ்காட்லாந்துக்காரர் ஜான் லூடன் மெக்காடம் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே வற்புறுத்தியது, சாலையின் பாரத்தைத் தாங்குவது கல் அன்று, உலர்ந்த மண் என்பதே. கல் அடுக்கின் வேலை அந்த மண்ணை நனையாமல் காப்பது. கப்பிச் சாலை என்று நம் முன்னோர் சொன்னது அவர் வழியில் உடைகல் பரப்பி இறுக்கிய சாலையைத்தான். ஏரிகள் சூழ்ந்த ஊரில் அடிமண்ணை உலர்வாக வைத்திருப்பது எவ்வளவு கடினம் என்பதை விளக்க வேண்டியதில்லை.

கண்ணே கருவியாக இருந்த காலம்

மோட்டார் வண்டிகள் பெருகியபோது உள்ளாட்சி அமைப்புகளின் வருவாயால் சாலைகளைப் பேண முடியவில்லை. இதை ஆராய 1927-இல் எம். ஆர். ஜெயகர் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு அது தந்த அறிக்கையின் பயனாகப் பெட்ரோல் மீதான கூடுதல் வரியிலிருந்து 1929-இல் மத்திய சாலை நிதி உருவானது. 1934 டிசம்பரில் இந்தியச் சாலைக் காங்கிரஸ் தோன்றியது. கட்சிக் காங்கிரசோடு இதற்குத் தொடர்பில்லை. இது சாலைப் பொறியாளர்களின் அமைப்பு. இன்றுவரை நாட்டின் சாலை விதிமுறைகளை எழுதி வெளியிடுவது இதுவே. சென்னை மாகாணத்தில் 1946-இல் நெடுஞ்சாலைகளுக்கெனத் தனித் துறை ஏற்பட்டது.

அக்காலத்தில் சாலையின் நிலையை அறியக் கண்ணும் காலும்தான் கருவிகள். குறிப்பிட்ட தூரத்துக்கு ஒரு பணியாளர் குழு இருக்கும். அவர்கள் குழியை அடைப்பர். ஓரத்து மண்ணைச் சமன் செய்வர். மழைநீர் வடியும் வழியைத் திறந்து விடுவர். சாலை ஆய்வாளர் அதைப் பார்த்து எழுதுவார். அந்தக் குறிப்பிலிருந்து மதிப்பீடு தயாராகும். இம்முறையை இன்று ஏளனமாகப் பார்ப்பது சரியன்று. மழை பெய்யும்போது நீர் எங்கே தேங்குகிறது என்று பார்க்க, மழையில் சாலையில் நிற்கும் ஒருவர்தான் வேண்டும். எனினும் இதில் இரண்டு குறைகள் இருந்தன. ஒருவர் 'சுமார்' என்று எழுதியதை இன்னொருவர் 'மோசம்' என்று எழுதுவார். அதைவிடப் பெரிய குறை, மேலே தெரியாத சேதத்தைக் கண் காணாது என்பது.

ஒரு லாரி எவ்வளவு கெடுக்கும்?

சாலையைக் கெடுப்பது எது, எவ்வளவு என்ற கேள்விக்கு எண்களில் விடை கிடைத்தது அமெரிக்காவில். இல்லினாய் மாநிலத்தின் ஒட்டாவா என்ற ஊருக்கு அருகே, 1958 முதல் 1960 வரை ஒரு பெரும் சோதனை நடந்தது. மாநில நெடுஞ்சாலை அதிகாரிகள் சங்கம் முன்னின்று நடத்திய இதற்கு 2 கோடியே 70 லட்சம் டாலர் செலவானது. வெவ்வேறு தடிமனில் தளங்கள் அமைத்த வளையச் சாலைகளில் இராணுவ ஓட்டுநர்கள் இரவும் பகலுமாக லாரிகளை ஓட்டினர். ஏறத்தாழ 11 லட்சம் முறை அச்சுகள் அந்தத் தளங்களைக் கடந்தன.

அங்கிருந்து இரண்டு முடிவுகள் உலகெங்கும் பரவின. ஒன்று, நாற்படி விதி. அச்சின் மீதுள்ள பாரம் இரண்டு மடங்கானால் சாலைக்கு நேரும் சேதம் இரண்டு மடங்காவதில்லை; ஏறத்தாழ பதினாறு மடங்காகிறது. மற்றொன்று இன்னும் சுவையானது. நல்ல சாலை என்றால் என்ன என்று முடிவு செய்ய, பல தரப்பினரை வண்டியில் ஏற்றி ஓட்டிச் சென்று 0 முதல் 5 வரை மதிப்பெண் இடச் சொன்னார்கள். பிறகு கருவிகளால் விரிசல், ஒட்டு, சக்கரத் தடப் பள்ளம், மேடுபள்ளம் ஆகியவற்றை அளந்து, எது அந்த மதிப்பெண்ணோடு ஒத்துப்போகிறது என்று பார்த்தார்கள். மேடுபள்ளமே மற்ற எல்லாவற்றையும்விட நெருங்கி ஒத்துப்போனது. சாலை மதிப்பீட்டு அறிவியல் இவ்வாறு பயணிகளின் முதுகுவலியிலிருந்துதான் தொடங்கியது என்றாலும் பிழையில்லை.

நாற்படி விதியை நம் நாட்டு எண்களில் போட்டுப் பார்க்கலாம். கணக்குக்கு அடிப்படையாகக் கொள்ளப்படும் நியம அச்சு 8.16 டன். இந்தியாவில் இரட்டைச் சக்கரங்கள் கொண்ட ஒற்றைப் பின்னச்சுக்கு நெடுங்காலம் அனுமதிக்கப்பட்ட உச்சப் பாரம் 10.2 டன். 10.2-ஐ 8.16-ஆல் வகுத்தால் 1.25, அதன் நாற்படி சுமார் 2.44. எனவே முழுப் பாரத்தோடு செல்லும் அந்த ஓர் அச்சு, இரண்டரை நியம அச்சுகளுக்குச் சமம். 2018 ஜூலையில் மத்திய அரசு அந்த உச்சவரம்பை 11.5 டன்னாக உயர்த்தியது. இப்போது கணக்கு ஏறக்குறைய 3.94 ஆகிறது. ஏற்றும் பாரம் எட்டில் ஒரு பங்கு கூடியது. சேதமோ ஒன்றரை மடங்குக்கும் மேல். 600 கிலோ தாங்கும் ஒரு சாதாரணக் காரின் அச்சை இதே வாய்பாட்டில் இட்டால், 30,000-க்கும் மேற்பட்ட கார் அச்சுகள் சேர்ந்தால்தான் ஒரு நியம அச்சுக்கு ஈடாகும் என்று வரும். இவ்வளவு சிறிய பாரத்துக்கு விதி அப்படியே பொருந்தாது என்றாலும், கார்களால் சாலை தேய்வதில்லை என்பதைக் காட்ட இது போதும்.

கிண்டியும் பெங்கல்மன் கோலும்

சென்னை கிண்டியில் மாநில நெடுஞ்சாலைத் துறையின் ஆராய்ச்சி நிலையம் உள்ளது. தில்லியில் 1952-இல் தொடங்கிய மத்தியச் சாலை ஆராய்ச்சி நிறுவனமும் இதுவும் போன்ற அமைப்புகள் வழியாகத்தான் அளவைக் கருவிகள் நம் சாலைகளுக்கு வந்தன. அவற்றுள் இரண்டைச் சற்று விரிவாக அறிந்துகொள்வது பயனுள்ளது.

முதலாவது, மேடுபள்ளத்தை அளக்கும் 'பம்ப் இன்டக்ரேட்டர்'. ஜீப்பின் பின்னால் இழுத்துச் செல்லப்படும் ஒற்றைச் சக்கர வண்டி இது. மணிக்கு 32 கிலோமீட்டர் என்ற நிலையான வேகத்தில் செல்லும்போது சக்கரம் எத்தனை மில்லிமீட்டர் மேலெழுந்தது என்பதைக் கூட்டிக்கொண்டே போகும். விடை 'கிலோமீட்டருக்கு இத்தனை மில்லிமீட்டர்' என வரும். இந்தியச் சாலைக் காங்கிரஸ் 2004-இல் வெளியிட்ட வழிகாட்டியின்படி, உயர்தரத் தார்க் கலவை மேற்பரப்பில் இது 2,000-க்குக் கீழே இருந்தால் நல்ல சாலை. 2,000 முதல் 3,000 வரை நடுத்தரம். அதற்கு மேல் போனால் மோசம். நாடுகள் வெவ்வேறு கருவிகளால் அளந்து வந்ததால் ஒப்பிட முடியாமல் இருந்தது. 1982-இல் உலக வங்கியின் முயற்சியால் பிரேசில் தலைநகரில் பல நாட்டுக் கருவிகளை ஒரே சாலைகளில் ஓட்டிப் பார்த்தனர். அதிலிருந்து பிறந்ததே பன்னாட்டுச் சொரசொரப்புக் குறியீடு. அதன் அலகு கிலோமீட்டருக்கு இத்தனை மீட்டர்.

இரண்டாவது, பெங்கல்மன் கோல். அமெரிக்கப் பொறியாளர் ஏ. சி. பெங்கல்மன் 1950-களின் தொடக்கத்தில் உருவாக்கியது. மருத்துவர் வயிற்றை அழுத்திப் பார்ப்பது போல, இது சாலையை அழுத்திப் பார்க்கிறது. பின்னச்சில் 8,170 கிலோ இருக்குமாறு ஒரு லாரியில் பாரம் ஏற்றுவார்கள். பின்பக்க இரட்டைச் சக்கரங்களுக்கு இடையே உள்ள சந்தில் 3.66 மீட்டர் நீளமுள்ள கோலின் முனையை வைப்பார்கள். லாரி மெல்ல முன்னே நகரும். பாரத்தால் அமிழ்ந்திருந்த தளம் விடுபட்டு மேலெழும். அந்த எழுச்சியைக் கோலின் மறுமுனையில் உள்ள டயல் காட்டும். கோலின் தாங்குபுள்ளி முனையிலிருந்து 2.44 மீட்டரில் உள்ளதால் டயல் காட்டுவதை இரண்டால் பெருக்க வேண்டும். நெம்புகோல் பாடம் படித்த மாணவர்கள் இதன் காரணத்தைத் தாமே கண்டுகொள்வர்.

அளப்பது மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கு. ஆகவே திருத்தங்கள் முக்கியம். தார் வெயிலில் இளகும் என்பதால், 35 பாகை செல்சியசை அடிப்படையாகக் கொண்டு ஒவ்வொரு பாகைக்கும் 0.01 மில்லிமீட்டர் கூட்டியோ கழித்தோ கொள்ள வேண்டும். ஒரு பகுதியில் குறைந்தது பத்து இடங்களில் அளந்து சராசரி காண்பர். முக்கிய நெடுஞ்சாலைகளில் அந்தச் சராசரியோடு திட்ட விலக்கத்தின் இரு மடங்கைச் சேர்ப்பர். எடுத்துக்காட்டாக, சராசரி 1.0 மில்லிமீட்டர், திட்ட விலக்கம் 0.25 என்றால் வடிவமைப்புக்கு 1.5 எனக் கொள்வர். சராசரி மட்டும் போதாதா என்று கேட்கலாம். போதாது, சாலை சராசரியான இடத்தில் உடைவதில்லை, மிக நலிந்த இடத்தில்தான் முதலில் உடைகிறது. வகுப்பின் சராசரி மதிப்பெண் நன்றாக இருந்தாலும் கடைசி வரிசை மாணவன் தேறவில்லை என்றால் ஆசிரியர் நிம்மதியாக இருக்க முடியாது அல்லவா? இவ்வாறு கிடைத்த எண்ணையும் எதிர்காலப் போக்குவரத்தையும் வைத்து, மேலே எத்தனை மில்லிமீட்டர் புதிய தளம் போட வேண்டும் என்று கணக்கிடுவர். இந்த நடைமுறையைச் சாலைக் காங்கிரஸ் 1981-இல் விதியாக்கி 1997-இல் திருத்தியது.

மேற்பரப்புச் சேதங்களுக்கும் தனித்தனிப் பெயர்கள் உண்டு. கோடை ஏரியில் மண் பாளம் பாளமாக வெடிப்பது போன்ற வலைப்பின்னல் விரிசலை முதலைத்தோல் விரிசல் என்பர். இது மேலே மட்டும் உள்ள நோய் அன்று. அடித்தளம் களைத்துவிட்டதன் அடையாளம். சக்கரங்கள் ஒரே தடத்தில் ஓடுவதால் ஏற்படும் நீளப் பள்ளத்தை 3 மீட்டர் நேர்கோலைக் குறுக்கே வைத்து அளப்பர். ஜல்லி பெயர்தல், தார் மேலே கசிதல், ஓரம் உடைதல் ஆகியன மற்றவை. குழி இப்பட்டியலில் கடைசியாக வருவது. மக்கள் கவனத்தில் மட்டும் அதுவே முதலாவது.

தொழிற்சாலைகள் வந்த பின்

1990-களின் பிற்பாதியில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் தொழிற்சாலை எழுந்தது. 1998-இல் கார்கள் வெளிவந்தன. ஸ்ரீபெரும்புதூரில் செயின்ட் கோபைன் கண்ணாடி ஆலையும், 2006-இல் நோக்கியா கைப்பேசி ஆலையும் வந்தன. மாநிலத் தொழில் முன்னேற்ற நிறுவனமான சிப்காட், ஒரகடத்தில் நிலம் எடுத்துத் தொழிற்பூங்கா அமைத்தது. அங்கே 2010-இல் ரெனோ–நிசான், 2012-இல் டைம்லர் சரக்கு வாகன ஆலை, 2013-இல் ராயல் என்ஃபீல்டு என அடுத்தடுத்து உற்பத்தி தொடங்கியது. அப்பல்லோ டயர் ஆலையும் இங்கேதான். ஒரகடத்தில் சந்திக்கும் இரு மாநில நெடுஞ்சாலைகளையும் தமிழ்நாடு சாலை மேம்பாட்டு நிறுவனம் அகலப்படுத்தியது. நாற்சந்தியில் மேம்பாலமும் எழுந்தது.

இவ்விடத்தில் ஒரு தவறான எண்ணத்தைத் திருத்த வேண்டும். கார்களை ஏற்றிச் செல்லும் நீளமான டிரெய்லர்தான் சாலையைக் கெடுக்கிறது என்று பலர் நினைக்கின்றனர். அது இடத்தை அடைக்கும். ஆனால் நீளத்தை ஒப்பிட அதன் எடை அதிகமில்லை. உள்ளே பெரும்பாலும் காற்றுதான். உண்மையான பாரம் எஃகுச் சுருள் ஏற்றிய வண்டிகளிலும், கண்ணாடி ஏற்றியவற்றிலும், துறைமுகங்களுக்குப் போகும் கண்டெய்னர்களிலும், எல்லாவற்றுக்கும் மேலாகச் சுற்றுவட்டாரக் கல்குவாரிகளிலிருந்து ஜல்லியும் எம்-சாண்டும் கொண்டுவரும் டிப்பர் லாரிகளிலும் இருக்கிறது. தொழிற்சாலை கட்டவும் சாலை அகலப்படுத்தவும் வந்த ஜல்லியே பழைய சாலைகளை உடைத்தது என்பது இப்பகுதி வரலாற்றின் ஒரு முரண். ஆகவே ஒரு நாளைக்கு எத்தனை வண்டி என்று எண்ணுவதோடு நிறுத்தாமல், அச்சுகளை எடைபோட்டுப் பார்ப்பதும் மதிப்பீட்டின் பகுதியாகிறது. ஏற்றிய லாரிகள் போகும் பக்கமும் வெறும் லாரிகள் திரும்பும் பக்கமும் ஒரே அளவில் கெடுவதில்லை.

நீதிமன்றம் வரை போன சாலை

இந்த வழித்தடத்தின் முதுகெலும்பான தேசிய நெடுஞ்சாலை, 1999-இல் தொடங்கிய தங்க நாற்கரத் திட்டத்தின் சென்னை–மும்பைக் கரத்தில் அமைந்து நான்கு வழியாயிற்று. பிறகு அதை ஆறு வழியாக்கும் பணி பல ஆண்டுகள் இழுத்தது. அகலப்படுத்தும் பணி வரப்போகிறது என்ற நிலையில் பழைய தளத்தின் பராமரிப்பு பின்னுக்குப் போவது எங்கும் காணும் நிகழ்ச்சி. நாளை இடிக்கப்போகும் வீட்டுக்கு இன்று யார் வெள்ளையடிப்பார்கள்? ஆனால் அந்த 'நாளை' ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போனால், அந்தச் சாலையில் தினமும் போகிறவர்கள்தான் விலை கொடுக்கிறார்கள்.

2020 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், மதுரவாயல் – வாலாஜாபேட்டை பகுதியின் மோசமான நிலையைக் கருத்தில் கொண்டு, ஸ்ரீபெரும்புதூரை அடுத்த நெமிலி, சென்னசமுத்திரம் ஆகிய இரு சுங்கச்சாவடிகளிலும் பாதிக் கட்டணம் மட்டுமே வசூலிக்க வேண்டும் என உத்தரவிட்டது. பின்னர் அந்த உத்தரவு நீட்டிக்கவும் பட்டது. சாலையின் நிலைக்கும் அதற்காக மக்கள் தரும் பணத்துக்கும் தொடர்பு உண்டு என்று எல்லோருக்கும் தெரியும்படி சொன்ன நிகழ்வு இது. மதிப்பீடு என்பது துறை அலுவலகத்துக் கோப்புக்குள் முடியும் தொழில்நுட்பச் சடங்கு அன்று என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. 'கட்டணத்துக்கு உரிய சாலையா இது?' என்ற கேள்வி எழுந்துவிட்டால், அதற்கு விடை சொல்ல அளவீடு வேண்டும்.

2021-இல் தேசிய நெடுஞ்சாலை ஆணையம், தன் சாலைகளை ஆண்டுக்கு இருமுறையேனும் வலையமைப்பு ஆய்வு வாகனத்தால் அளக்க வேண்டும் எனக் கட்டாயமாக்கியது. இவ்வாகனத்தில் லேசர் உணர்விகள், கேமராக்கள், இடங்காட்டிக் கருவி ஆகியன பொருத்தப்பட்டிருக்கும். மற்ற வண்டிகளோடு வண்டியாகப் போகும்போதே மேடுபள்ளம், தடப் பள்ளம், விரிசல் ஆகியவற்றைப் பதிவு செய்துவிடும். போக்குவரத்தை நிறுத்தி, லாரியை ஊர்ந்து செல்ல வைக்கும் பெங்கல்மன் முறையை இத்தகைய நெரிசல் சாலையில் செய்வது ஆபத்தும்கூட. அதற்கு மாற்றாக, எடையைத் தளத்தின்மீது விழச்செய்து அதிர்வை அளக்கும் கருவி வந்துள்ளது. அதற்கான வழிகாட்டியைச் சாலைக் காங்கிரஸ் 2014-இல் வெளியிட்டது. எந்த அடுக்கு நலிந்துள்ளது, மேலுள்ளதா கீழுள்ளதா என்பதையும் இதன் மூலம் கணிக்கலாம். லேசர் வாகனம் எவ்வளவு நவீனமானாலும் அது காண்பது மேற்பரப்பை மட்டுமே என்பதை மறக்கலாகாது.

சாலைப் பணியாளர்களும் கைப்பேசியும்

இயந்திரங்கள் வந்த அதே காலத்தில் மனிதக் கண்கள் குறைந்த கதையும் நடந்தது. 1997-இல் நெடுஞ்சாலைத் துறையில் சுமார் 10,000 சாலைப் பணியாளர்கள் சேர்க்கப்பட்டனர். 2002 செப்டம்பரில் அவர்கள் அனைவரும் பணிநீக்கம் செய்யப்பட்டனர். நீண்ட போராட்டத்துக்குப் பின் 2006-இல் மீண்டும் வேலைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டனர். இடைப்பட்ட 41 மாதங்களைப் பணிக்காலமாகக் கருத வேண்டும் என்ற கோரிக்கை அதன்பின்னும் பல ஆண்டுகள் ஒலித்தது. அரசின் நிதிநிலை, அரசியல் ஆகிய வாதங்கள் ஒருபுறம் இருக்கட்டும். தொழிற்சாலைப் போக்குவரத்து வேகமாக வளர்ந்துகொண்டிருந்த ஆண்டுகளில் வடிகால் வாயைத் திறந்துவிடவும் ஓரத்துப் புல்லைச் செதுக்கவும் ஆளில்லாமல் போனது சாலைகளுக்கு நல்லதாக அமைந்திருக்க முடியாது. ஒரு மண்வெட்டி வேலையைத் தவறவிட்டால் அது பின்னர் தார்க் கலவை வேலையாக மாறும்.

2023 நவம்பரில் மாநில அரசு 'நம்ம சாலை' என்ற கைப்பேசிச் செயலியைத் தொடங்கியது. குழியைப் படம் எடுத்து அனுப்பினால், மாநில நெடுஞ்சாலை எனில் 24 மணி நேரத்திலும் மற்றவை எனில் 72 மணி நேரத்திலும் சரிசெய்வது இலக்கு. இரு சக்கர வண்டியில் ஷிஃப்ட் வேலைக்குப் போகும் இளைஞருக்கு ஒரு குழி உயிர் பிரச்சினை. ஆகவே இது வரவேற்கத்தக்கதே. ஆனால் குழிப் புகார்களின் எண்ணிக்கையைச் சாலை நிலையின் அளவாகக் கொள்ளக் கூடாது. ஒரே இடத்தில் மூன்று முறை பேட்ச் ஒர்க் போட்டிருந்தால், அங்கே குழி இல்லை என்பதைவிட அடித்தளம் போய்விட்டது என்பதே சரியான செய்தி.

அளவும் பணமும்

அளந்து என்ன செய்வது? மோசமான சாலையை முதலில் சரிசெய்வது நியாயம் போலத் தோன்றும். புகார் வருவதும் அங்கிருந்துதான். ஆனால் சாலை ஒரே சீராகத் தேய்வதில்லை. முதல் பல ஆண்டுகள் பெரிய மாற்றம் தெரியாது; பிறகு விரிசல் வழியாக நீர் இறங்கியதும் குறுகிய காலத்தில் சரிந்துவிடும். அந்தச் சரிவு தொடங்குமுன் விரிசலை அடைத்து மெல்லிய மேல்பூச்சு இட்டால் செலவு சிறிது. சரிந்த பின் தோண்டி எடுத்துப் புதிதாக அமைப்பதற்குப் பல மடங்கு ஆகும். மிக மோசமானதை மட்டுமே துரத்தும் துறை, அந்தத் தொகையைச் செலவிடும் நேரத்தில் நடுத்தர நிலையில் உள்ள நீண்ட தூரச் சாலைகளைக் கைநழுவ விடுகிறது.

இதைக் கணக்காகச் செய்து காட்டத்தான் உலக வங்கியின் ஆதரவில் நெடுஞ்சாலை மேம்பாட்டுக் கணினி மாதிரிகள் உருவாயின. கென்யா, பிரேசில் ஆய்வுகளோடு, மத்தியச் சாலை ஆராய்ச்சி நிறுவனம் 1970-களின் இறுதியிலிருந்து 1982 வரை நடத்திய இந்தியச் சாலைப் பயனர் செலவு ஆய்வும் அவற்றுக்கு அடிப்படை. மோசமான சாலையில் எரிபொருள், டயர், உதிரிபாகம், நேரம் என வாகனக்காரர் இழக்கும் பணம், சாலையைப் பேண அரசு செலவிடும் பணத்தைவிடப் பெரிது என்பதை இந்த ஆய்வுகள் காட்டின. தமிழகத்தில் 2003-இல் உலக வங்கியின் 34.8 கோடி டாலர் கடனுடன் தொடங்கிய சாலைப் பிரிவுத் திட்டம், சாலை அமைப்பதோடு பராமரிப்பு நிர்வாகத்தைச் சீர்செய்வதையும் நோக்கமாகக் கொண்டிருந்தது. பின்னர் பொள்ளாச்சிக் கோட்டத்தில் ஐந்தாண்டுச் செயல்திறன் அடிப்படையிலான பராமரிப்பு ஒப்பந்தம் சோதித்துப் பார்க்கப்பட்டு, வேறு கோட்டங்களுக்கும் பரவியது. அதில் ஒப்பந்தக்காரருக்குப் பணம் கிடைப்பது எத்தனை லோடு தார் போட்டார் என்பதற்காக அன்று. சாலை குறித்த நிலையில் இருக்கிறதா என்பதற்காக. இத்தகைய ஒப்பந்தத்தில் அளவீடு நம்பகமாக இல்லாவிட்டால் எல்லாம் வீண்.

மேல்தளம் போடுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. பழைய தளத்தின் மேலேயே புதியதைப் போட்டுக்கொண்டு போனால் சாலை உயர, வீடுகளும் கடைகளும் தாழ்ந்து, மழைநீர் வாசலுக்குள் வரும். படப்பை போன்ற கடைத்தெருக்கள் வழியே செல்லும் சாலைகளுக்கு இது முக்கியம். 2021 மே மாதத்தில் தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு, பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டே புதியதைப் போட வேண்டும் என்று அறிவுறுத்தினார். 'மில்லிங்' எனப்படும் இம்முறையில், எவ்வளவு ஆழம் சுரண்டுவது என்று அறியவும் தள அடுக்குகளின் நிலை தெரிந்தாக வேண்டும். ஆழமாக விரிசல் கண்ட தளத்தை மேலாகச் சுரண்டி மூடினால், அதே விரிசல் சில பருவங்களில் புதிய தளத்தின் மேலும் தோன்றும்.

எப்போது அளப்பது

பெங்கல்மன் விதியின்படி, அடிமண் மிக நலிந்திருக்கும் நேரமான மழைக்காலம் முடிந்த உடனே அளப்பது சிறந்தது. வேறு காலத்தில் அளந்தால் ஈரப்பதத் திருத்தம் சேர்க்க வேண்டும். நாட்டின் பெரும்பகுதிக்கு அந்த நேரம் தென்மேற்குப் பருவமழை ஓய்ந்த அக்டோபர். இந்த வழித்தடத்துக்கு அது பொருந்தாது. இங்கே அக்டோபரில்தான் வடகிழக்குப் பருவமழை தொடங்குகிறது. 2015 டிசம்பர் 1 அன்று செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டதும், அடையாற்றுப் படுகையில் முடிச்சூர் உள்ளிட்ட ஊர்கள் மூழ்கியதும் நினைவிருக்கும். வெள்ளம் வடிந்ததும் சாலை மேலே உலர்ந்துவிடும். அடியில் உள்ள களிமண் உலர வாரக்கணக்கில் ஆகும். அந்த இடைவெளியில் அதன்மேல் ஓடும் ஒவ்வொரு பாரவண்டியும் மற்ற மாதங்களைவிட அதிகமாகக் கெடுக்கிறது.

எனவே ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் தளத்தின் வலிமையை அளக்க ஏற்ற காலம் டிசம்பர் இறுதி முதல் பொங்கல் வரை. விரிசல் கணக்கெடுப்பையும் வடிகால் சோதனையையும் மட்டும் மழைக்கு முன்பே, செப்டம்பரில் ஒருமுறை செய்துவிடுவது நல்லது. ஜனவரியில் அளந்தால் பிப்ரவரியில் மதிப்பீடு தயாரித்து, ஏப்ரலில் புதிய நிதியாண்டு பிறந்ததும் ஒப்பந்தம் விட முடியும். கோடை வெயிலில் தார்க் கலவை நன்கு இறுகும். அக்டோபர் முதல் மழைக்கு முன் புதிய தளத்துக்குச் சில மாதங்கள் கிடைக்கும். நிதி ஒதுக்கீடு தாமதமாகி வேலை ஆகஸ்ட், செப்டம்பருக்குத் தள்ளிப்போனால், ஜனவரியில் எடுத்த அளவீடு அதற்குள் பழையதாகிவிடும். அந்த எட்டு மாதங்களில் டிப்பர் லாரிகள் நின்றிருக்கப் போவதில்லை.